ரப்பர் வளையத்தில் ஒரு முடி

உங்களுக்கு,

இன்று காலை புது மாத்திரைக் குப்பியைத் திறந்தேன். ஈரம் உறிஞ்சும் குருணை அடைத்த சிறு பொட்டலம் உள்ளங்கையில் விழுந்தது. மாத்திரை போடவே மறந்துவிட்டேன். இப்போது மணி பதினொன்று.

பம்பாயில் கப்பலில் வேலை பார்த்த என் தம்பி கொண்டுவந்த தண்ணீர் புகாத கேமராவில் இப்படி ஒரு பொட்டலம் வைப்பீர்கள். ஈரம் போய்க் குருணை நீலமாகும்வரை வாணலியில் வறுத்துத் தருவேன். "உள்ளே அடைபடுற காத்தும் காஞ்சிருக்கணும்மா. இல்லைன்னா மழைக் குளிர்ல லென்சு வேர்த்துடும்" என்பீர்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தூசி இருந்தாலும் அந்த இடுக்கில் ஈரம் புகுந்துவிடும். அதைத் துடைத்து மூடும் வேலை என்னுடையது. என் பெண்டாட்டி கான்வென்ட்டில் படித்தவள், தப்பே வராது என்று நம் போட்டோ ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். நானும் அதை நம்பினேன்.

எழுபத்து நான்கோ ஐந்தோ, அந்த ஆடிக் கிருத்திகையன்று மழை. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு நெசவாளி நோயாளி மனைவியோடு வந்தார். அவள் காவடியோடு திருத்தணி மலைப்படி ஏறுவதைப் படமெடுக்க வேண்டும் என்றார். தலை முழுகாமல் கிருத்திகை வேலை எதையும் தொடக் கூடாது என்பது என் சட்டம். "கேமராவுக்கும் ஒரு சொம்பு ஊத்திடவா?" என்று கேலி செய்தீர்கள். நான் சிரிக்கவில்லை. குளித்த கையோடு, சொட்டும் தலையோடு பிலிம் சுருளைப் போட்டேன்.

"துவட்டிகினு மூடும்மா."

"எனக்குத் தெரியும்" என்று அப்படியே மூடினேன்.

அந்தக் கேமராவில் பார்க்கும் துளை தனி. லென்ஸின் உட்புறம் வேர்த்தது அதில் தெரியாது. சுருள் முழுவதையும் எடுத்துவிட்டீர்கள். மாலையில் திறந்தபோது ரப்பர் வளையத்தின் குறுக்கே நீளமாக ஒரு முடி கிடந்தது. அதை விரலில் சுற்றி எடுத்தீர்கள். நான் பார்த்தேன், நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

கழுவிய படங்களில் காவடி அரைகுறையாகத் தெரிந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் வெள்ளைப் புகை.

ஞாயிறன்று நேரில் போய் மறுபடி எடுத்துத் தருவதாக இருந்தீர்கள். சனிக்கிழமையே அந்த நெசவாளி வந்தார்.

"அவ போயி மூணு நாள் ஆவுதுங்க. படைக்கப் படம் வேணும். அவள எடுத்தது இது ஒண்ணுதான்."

படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூஞ்சியே இல்லியேங்க."

"என் தப்புங்க. ஈரத்தோட மூடிட்டேன்" என்றீர்கள்.

"பாத்து மூடக் கூடாதா சார்? இதானே உங்க வேலை?"

"ஆங். இதான் வேலை."

நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான்கு அடி எடுத்து வைத்து, மூடியது நான் என்று சொல்லியிருக்கலாம். நிற்க முடிந்தது, நடக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்து ஆட்கள் வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கெட்டது உங்கள் பெயர்.

அதற்கடுத்த மழையில் கேமராவை என்னிடமே நீட்டினீர்கள். "நீயே மூடும்மா." ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், பேச்சோடு பேச்சாக உண்மை வெளியே வந்திருக்கும். நீங்கள் திட்டவில்லை. அதன்பின் நீங்கள் கண்மூடும்வரை பதினெட்டு ஆண்டுகள் ஒன்றாக இருந்தோம். நான் சொல்லவே இல்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு எளிது. நீங்கள் அன்றே மன்னித்துவிட்டீர்கள். கேட்டிருக்க வேண்டியது அவரிடம். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் விசாரித்து வைத்துக்கொள்ளவில்லை.