பத்தியில் இல்லாதது

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் ஆடு உள்ளே வந்து செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கிறது. அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. அப்பா காணாமல் போன இந்த இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டு கேட்டுக்குத் தாழ்ப்பாள் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. அவர் வந்தால் வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கக் கூடாதாம். அவர் வருகிறாரோ இல்லையோ, சுரக்குடியில் இருக்கிற ஆடெல்லாம் தவறாமல் வருகிறது.

நான் பாடம் எடுக்கும் சென்டரில் புது பேட்ச். எல்லாரும் நர்சிங் முடித்த பெண்கள், லண்டன் போக ஆங்கிலப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். பயிற்சிப் புத்தகத்து விடைகள் அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடம். பத்தியைப் படிக்காமலே பி, சி, நாட் கிவன் என்று அடுக்குகிறார்கள். இனிமேல் ரீடிங் பத்திகளை நானே எழுதப்போகிறேன் என்று சென்டர் நடத்துகிற ரஃபீக் சாரிடம் சொன்னேன். "எழுதுங்க மிஸ், ஆனா ஈசியா எழுதிப்புடாதீங்க. கஷ்டமா இருந்தாத்தான் நல்ல சென்டர்ம்பாங்க" என்றார். வியாபாரி.

ஜூன் 14, சனி

சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு கூட்டம். பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றபடியே மனசுக்குள் முதல் பத்தியை எழுதி முடித்தேன். ரிட்டயர்டு கிளார்க் ஒருவர் குடையோடு காலை நடை போகிறார். அவ்வளவுதான் கதை. கீழே விவரக் கேள்விகள்.

விவரக் கேள்விக்கு மூளை வேண்டாம், கண் போதும் என்று எப்போதும் சொல்வேன். கேள்வியில் இருக்கும் முக்கியமான சொல்லைப் பிடி. பத்தியில் அது எங்கே இருக்கிறது என்று தேடு. அங்கே இருப்பதை எழுது. உனக்குத் தெரிந்ததை எழுதாதே. பத்தியில் இல்லையென்றால் நாட் கிவன்.

அவர் கையில் என்ன வைத்திருந்தார்? எல்லாரும் குடை என்று எழுதினார்கள். அஞ்சுகம் மட்டும் மண்வெட்டி என்று எழுதியிருக்கிறாள். அம்பகரத்தூர்ப் பெண். ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு அப்படியே ஓடிவருவாள். இதே ரீடிங்கில் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். சிவப்பு மையில் தப்புப் போட்டேன்.

போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க அப்பா அன்று கிளம்பியபோது தோளில் மண்வெட்டிதான் இருந்தது. அரசலாறு வரை தேடினார்கள். ஆளும் கிடைக்கவில்லை, மண்வெட்டியும் கிடைக்கவில்லை. பேப்பரில்கூட வந்தது. அதைப் படித்திருப்பாள். வேறென்ன?

ஜூன் 19, வியாழன்

இரண்டாவது பத்தி. அதே கிளார்க், கிளம்பிய பிறகு மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வருகிறார். ஏன் திரும்பி வந்தார் என்று கேள்வி. அஞ்சுகம் எழுதிய விடை: கன்றுக்குட்டியைக் கட்ட.

வகுப்பே சிரித்தது. "குடை புடிச்ச கிளார்க்குக்குக் கன்னுக்குட்டி எதுக்கும்மா?" என்று நானும் சேர்ந்து கேட்டேன். அவள் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இருந்துச்சு மிஸ்."

சாயங்காலம் அம்மாவிடம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இது யாருடி சொன்னா உனக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். கீரை முறத்தில் அப்படியே கிடந்து வாடியது.

ஜூன் 20, வெள்ளி

அம்மா சொல்லிவிட்டாள். போலீசிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு என்னிடம்தான்.

"அன்னிக்கு உங்கப்பா கெளம்புனதும் கன்னு அவுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டுது. போனவங்க அதப் புடிச்சிக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. கட்டிப்புட்டு அப்படியே போயிட்டாங்க. கெளம்புனவங்க திரும்பி வந்தா உக்கார வச்சி ஒரு வாய் தண்ணி குடுத்துல்ல அனுப்பணும்? எனக்கு அடுப்புல ஒல கொதிக்குது. திரும்பிக்கூடப் பாக்கல லேகா."

சகுனத்தை எல்லாம் கேலி பேசுகிறவள் நான். இன்றைக்குக் கேலி வரவில்லை.

அன்று நான் சென்டரில் இருந்தேன், தம்பி கீழவாஞ்சூர் துறைமுகத்தில் டியூட்டியில் இருந்தான். வீட்டில் அம்மா மட்டும்தான். அப்புறம் அஞ்சுகத்துக்கு எப்படி?

ஜூன் 22, ஞாயிறு

தம்பி ஜெயபிரகாஷ் வந்தான். துறைமுகத்து நிலக்கரித் தூசு அவன் காது மடலில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். வரும் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தான்.

"கனவுல வர்றாரும்மா. ஒதடெல்லாம் வெடிச்சிக் கெடக்கு. ஒண்ணும் கேக்க மாட்டேங்கறாரு, சும்மா பாக்கறாரு."

"உசுரோட இருக்கறவருக்கு எள்ளு எறைப்பியாடா நீ?"

போட்ட சோற்றைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். வண்டியை எடுக்கும்போது என்னைப் பார்த்து, "நீ ஒரு முடிவு சொல்லுக்கா. நீ சொன்னா அம்மா கேக்கும்" என்றான். என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்கென்ன தெரியும்? அவர் இருக்கிறாரா, இல்லையா? நாட் கிவன்.

ஜூன் 28, சனி

வேண்டுமென்றேதான் செய்தேன். மூன்றாவது பத்தியில், திரும்பி வந்தபோது அவர் என்ன கேட்டார் என்று ஒரு கேள்வி போட்டேன். பத்தியில் அவர் எதுவுமே கேட்கவில்லை. எல்லாரும் நாட் கிவன் என்று சரியாக எழுதினார்கள்.

அஞ்சுகம் தண்ணீர் என்று எழுதியிருந்தாள்.

அப்பா கேட்டிருக்கிறார். அம்மாவின் காதில் விழவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திவைத்தேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து அழ ஆரம்பித்தாள்.

"படிக்கும்போது வரி ஓடிக்கிட்டே இருக்கும் மிஸ். கடைசி வரிக்குக் கீழயும் கொஞ்சம் இருக்கும். எழுதிட்டுத் திரும்பிப் பாத்தா இருக்காது."

"புக்குல வர்ற பத்தியிலயுமா?"

"அதுலயும்தான் மிஸ். ஆனா அதெல்லாம் யாரோட வீடுன்னு தெரியாது."

என் அப்பாவைத் தெரியுமா என்று கேட்டேன். "உங்க அப்பாவா? ஏன் மிஸ், அவங்களுக்கு என்ன?" என்றாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, லண்டன் வேலைக்கு எல்லாம் முடிந்துவிட்டது, ரீடிங் ஒன்றுதான் நிற்கிறது, இந்தத் தடவையும் போனால் வீட்டில் இனி எழுத விட மாட்டார்கள் என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் நான் யோசித்துக்கொண்டிருந்தது அவளைப் பற்றி இல்லை.

ஜூலை 3, வியாழன்

அஞ்சுகத்துக்கு மருந்து என்னிடமே இருக்கிறது. விரல் வைக்கும் முறை. எந்த விடையை எழுதினாலும் முதலில் இடது கை விரலைப் பத்தியில் அந்த வரியின் மேல் வைக்க வேண்டும். விரல் வைக்க வரி இல்லையா, விடையும் இல்லை. தெரிந்ததை எல்லாம் எழுதித் தொலைக்கிறவர்களை இதை வைத்துத்தான் நேராக்குவேன். இந்த பேட்ச்சிலும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அஞ்சுகம் வராத ஒரு நாளில்.

அவளுக்கு மட்டும் தனியாகச் சொல்லவில்லை. மறந்துபோய் ஒன்றும் இல்லை. அவள் சரியாகிவிட்டால் எனக்கு அப்பா இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஆடு இப்போது உள்ளே வருவதில்லை. கேட்டு விரியத் திறந்துதான் கிடக்கிறது. கேட்டு வரை வந்து நின்று, யாரோ நிற்பதைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அம்மாவும் கவனித்திருக்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

நாலாவது பத்தி தயார். கடைசிக் கேள்வி: அவர் இப்போது எங்கே இருக்கிறார்?

கொடுக்கவில்லை. பையிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். பயம்தான்.

ஜூலை 10, வியாழன்

கொடுத்தேன். அஞ்சுகம் எழுதியதை அப்படியே தமிழில் எழுதிவைக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே நிற்கிறார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சூடு போட்டதுபோல் இருந்தது. மற்ற தாள்களைத் திருத்தவில்லை. தலைவலி என்று ரஃபீக் சாரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் இறங்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து கால் நகரவில்லை. தினமும் நுழைகிற கேட்டுதானே? பிறகு ஒருக்களித்து உள்ளே வந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது — யாருக்கு வழிவிட்டேன்?

தாழ்ப்பாள் போடாமல் விட்டால் போதும் என்று இத்தனை நாள் நினைத்தோம். திறந்த கேட்டுக்கு வெளியே ஒரு மனுஷர் நிற்பார் என்று யாருக்குத் தோன்றும். அப்பா, உள்ள வரவேண்டியதுதானே? உங்க வீடுதானே? யார் சொல்லணும் உங்களுக்கு?

ஜூலை 11, வெள்ளி

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர் கேட்டதையும் சேர்த்து. சத்தம் போட்டு அழுவாள் என்று பயந்தேன். கேட்டைத்தான் பார்த்தாள்.

"அவங்களுக்கு அப்படித்தான். கூப்புடாத எடத்துக்கு வரமாட்டாங்க, அது சொந்த வீடா இருந்தாலும்" என்றாள்.

பிறகு, "தம்பிக்குப் போனப் போடு. அமாவாசைக்குக் கடலுக்குப் போவச் சொல்லு" என்றாள்.

உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளா என்று தம்பியை விரட்டியவள் இவளேதான்.

ஜூலை 14, திங்கள்

அஞ்சுகத்துக்கு விரல் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். இருபத்தாறாம் தேதி திருச்சியில் பரீட்சை. என் வீட்டுக்காக அந்தப் பெண்ணை எத்தனை நாள் கட்டிப்போட்டு வைப்பேன்? கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

அவள் விரல் அடங்கவில்லை. கடைசி வரியைத் தாண்டி வெள்ளைத் தாளில் போய் நிற்கிறது. நான் அதைப் பிடித்து மேலே தூக்கி வைக்கிறேன், திரும்பவும் வழுக்கிக் கீழே போகிறது. "கீழ என்ன இருந்தாலும் நமக்கு வேண்டாம்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 17, வியாழன்

பத்துக்கு ஆறுதான் தேறுகிறது. இன்னும் தாளுக்குக் கீழே படிக்கிறாள்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

தம்பி விடியற்காலையிலேயே எள்ளும் தர்ப்பையும் எடுத்துக்கொண்டு காரைக்கால் கடற்கரைக்குப் போய்விட்டான். அம்மா போகவில்லை. "அங்க அவன் பாத்துக்குவான். இங்க நான் குடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு" என்றாள்.

தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, அப்பாவின் மர நாற்காலியைத் தூக்கிவந்து கேட்டுக்கு உள்பக்கம் போட்டாள். துண்டால் துடைத்தாள். பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு வெளியே பார்த்து, வெயிலில் வேலை முடிந்து வந்தவரிடம் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்:

"வாங்க. உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

தெருவில் யாரும் இல்லை. காற்றும் இல்லை. கொட்டகையில் அந்தக் கன்று — இப்போது பசுவாகிவிட்டது — அடித்தொண்டையில் ஒருதரம் கத்தியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி வரும்வரை அங்கேயே இருந்தோம். சொம்பில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, பொய் சொல்வானேன். அம்மா அதை எடுத்துச் செம்பருத்தியின் வேரில் ஊற்றினாள்.

ஜூலை 25, வெள்ளி

பரீட்சைக்கு முன் கடைசி வகுப்பு. நாலாவது பத்தியையே அஞ்சுகத்திடம் திரும்பவும் கொடுத்தேன். கொடுத்திருக்க வேண்டாம்தான். மனசு கேட்கவில்லை.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது விரல் கடைசி வரியைத் தாண்டி வெள்ளைத் தாளில் இறங்கியது. அங்கேயே நின்றது. ஒருமுறை மேலேயிருந்து தேடிவிட்டு அதே இடத்துக்கு வந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு நாட் கிவன் என்று எழுதினாள்.

"சரியா மிஸ்?"

"கீழ ஒண்ணும் இல்லையா?"

"இல்ல மிஸ். வெறும் தாளுதான்." சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

சரி என்று போட்டேன். விரல் வைக்கும் முறை வேலை செய்ததா, இல்லை அங்கே நின்றவர் உட்கார்ந்து எழுந்து போய்விட்டாரா? இதற்கு நான் எந்த வரியில் விரலை வைப்பேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அஞ்சுகம் போன் பண்ணினாள். ரீடிங்கில் வேண்டிய மார்க்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

ஆடு உள்ளே வந்துவிட்டது. துளிர்விட்டிருந்த செம்பருத்தியை நுனிவரை தின்றுவிட்டு, கேட்டில் நிற்காமல், எதையும் பார்க்காமல், பழையபடி நிமிர்ந்து நடந்து போயிற்று. அம்மா விளக்குமாற்றோடு தெருமுனை வரை துரத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தவள் கேட்டுக்குள் நின்று கொஞ்சநேரம் வெளியே பார்த்தாள். பிறகு கேட்டைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்து நகரவில்லை. உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து விட்டு, இழுத்துப் போட்டாள்.