மைக்கில் வந்த சீட்டி

திருச்செங்கோடு,
1979

மாப்ளே,

நேத்து என் ரேடியோ செட்டில், புயலடிச்ச ஊரிலிருந்து ஒரு ஹாம் ரேடியோக்காரர் மருந்து கேட்டுக் கெஞ்சினார். எந்த ஊருக்குன்னு அவர் சொல்ல வர்றப்பவெல்லாம் ஒருத்தன் குறுக்கே மைக்கில் சீட்டியடிச்சான். ஆள் யாருன்னு காட்டுற கால்சைனைச் சொல்லலை. சொல்ல அவனுக்குத் தைரியம் ஏது? அந்த ஊர்ப்பேர் கடைசிவரைக்கும் எங்க காதில் விழலை.

என்மேல வரப்புத் தகராறுன்னா ஊட்டுக்கு வந்து என் சட்டையைப் பிடிக்கணும். சாகக் கிடக்கிறவங்களுக்காகப் பேசுற பேச்சையா மறிக்கிறது? தூ!

காப்பி கொண்டுவந்த உங்கக்கா அப்படியே நின்னுட்டா. "ஏனுங்க, இது எங்க தம்பி மாட்டுக்குத் தண்ணி காட்டுறப்ப அடிக்கிற சீட்டிங்க"ன்னா.

உன் ஹாம் லைசென்சை ரத்து பண்ணச் சொல்லி டில்லிக்குப் புகார் அனுப்பியாச்சு. சாட்சிக் கையெழுத்து உங்கக்கா போட்டிருக்கா.

இப்படிக்கு,
அவ புருஷன்