கருவாழி ஏரிப் பூதம் வாய் திறந்த விவரம்

வெண்கோட்டு நாட்டின் குடைநிழலுக்கு உரியவரும், போர்முனையில் புறங்காட்டாதவருமாகிய கோமகன் இளஞ்சேந்தனார் திருமுன் வைக்கப்படும் ஓலை. மழை வழுவாதிருக்க, குடிகள் நோயின்றி வாழ்க. முதுபேரமைச்சர் அழிசியார் கருவாழி ஏரிக்கரையில் அமர்ந்து சொல்லச் சொல்ல, எழுத்தன் வேட்டன் எழுதியது. அமைச்சருக்கு முழங்கால் வீங்கியிருப்பதாலும், சலிப்பு அதனினும் மிகுந்திருப்பதாலும் வாழ்த்து சுருங்கியது, பொறுத்தருள்க.

ஏரியில் ஆட்களை விழுங்குவதாகச் சொல்லப்படும் பூதத்தின் தலையை நீராட்டு விழாவுக்குள் வலைஞர் கொணராவிடில், பிணையாகச் சிறையிலிட்ட அவர்கள் தலைவன் கோடனின் தலை கொய்யப்படும் என்று கோமகன் ஆணையிட்டார். பூதம் எதுவென அறிந்துவர அமைச்சரை ஏவினார். அவரும் கிழ உடம்பை இழுத்துக்கொண்டு பரிசலில் ஏறினார். கண்டவர் சொன்ன நெடுங்கழுத்து, உடலை நீருக்குள் மறைத்து நீந்தும் பாம்புத்தாராப் பறவை. வரிசையாய் எழுந்தமிழ்ந்த முதுகுகள், குட்டிகளோடு செல்லும் நீர்நாய்கள். குமிழியிட்டு மிதந்தெழும் கரிய உடல், சேற்றில் மக்கி ஊதிய மருதமரம். அதன் நாற்றம் அமைச்சரின் மேலாடையை இன்னும் விடவில்லை. இவை யாவும் சேர்ந்தாலும் ஓர் ஆளைக் கொல்லா. ஆனால் ஆட்கள் செத்திருக்கிறார்களே என்பதுதான் அவர் உறக்கத்தைக் கெடுத்தது.

நேற்று கோநகரில் விழா முரசு அதிர்ந்தது. சற்றைக்கெல்லாம் வடகரை மதகின்மேல் நீர் திருகிச் சுழன்று, ஆளில்லாப் பரிசல் ஒன்றை அவர் கண்ணெதிரே விழுங்கிற்று. அரசமகளிர் நீராடும் பொய்கையை நிரப்ப, கோமகன் ஆணைப்படி மதகைத் திறந்திருந்தார்கள். வலைவீசுவோருக்கு முன்கூட்டிச் சொல்லும் வழக்கமே கிடையாதாம். விசாரித்ததில், ஏரி கொண்ட உயிர்கள் எல்லாம் பொய்கை நிரம்பிய நாள்களில் போனவை.

அமைச்சர் இதைக் கோடனின் மனைவி செள்ளையிடம் கூறினார். அவள் அழவில்லை.

"பூதத்தைக் காட்டலேன்னா என் வீட்டுக்காரர் தலை போகும். காட்டினா யார் தலை போகும், ஐயா?" என்றாள்.



ஆகவே கோமகன் அளித்த கணையாழியின் பெயரால், கேளாமலே, அவர் கோடனைச் சிறைவிடுத்தார். மதகையும் பாதியில் அடைத்தார்; பறையறைந்து, ஏரியிலுள்ளோர் கரையேறிய பின்னரே இனித் திறக்கவேண்டும் எனக் காவலர்க்கு ஆணையிட்டார். நாளைய விழாவில் பொய்கைநீர் முழங்கால் அளவே நிற்கும். வந்திருக்கும் அயல்நாட்டு மன்னர் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும்.

கணையாழியால் முத்திரையிட்டு, அதனையும் ஓலையோடு கட்டியனுப்பினோம். ஆணை நிலைபெறுக. கோமகனுக்குத் தலை ஒன்று வேண்டியே தீருமாயின், அமைச்சர் மாட்டுவண்டியில் பின்னால் வருகிறார். முழங்கால் வலியால் வண்டி மெல்லத்தான் வரும்.