பானையில் விழாத ஒரு பிடி

விஷ்ராந்த்வாடி, புனே
பிப்ரவரி 2006

மதிப்பிற்குரிய ஸ்ரீரஞ்சனி அக்காவுக்கு, மல்லிகா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பீர்கள். நாங்கள் நலமில்லை. அம்மா தூங்கிய பிறகு, ஜன்னலில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

போன ஞாயிறு எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எடுத்த எச்.ஐ.வி. விழிப்புணர்வு வகுப்பில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டீர்கள். பெயரைச் சொல்லவில்லைதான். "உங்க ஜனங்கள்லயே ஒரு அம்மா, தனக்கு இந்த நோய் இருக்குன்னு பொங்கப் பானையில சாமை போடப் பயந்துட்டாங்க. சேர்ந்து சாப்பிட்டா இது ஒட்டாதுப்பா" என்றீர்கள். கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு எங்கள் வழக்கத்தை வைத்துச் சொன்னால் மனதில் பதியும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அக்கா, மலையிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் இங்கே ஒன்பது வீடுதான். பொங்கலன்று வீட்டுக்கு ஒரு பிடி சாமை ஒரே பானையில் விழும். இந்த வருஷம் யார் வீட்டுப் பிடி விழவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா அன்று வயிற்றுவலி என்று படுத்திருந்தாள். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவின் நோயை உங்களிடம் மட்டும்தானே சொல்லி அழுதேன்? "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்டி" என்று என் தலையில் கை வைத்தீர்களே.

இப்போது குழாயடியில் எங்கள் குடத்தைக் காலால் தள்ளுகிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "ஏம்புள்ள, உங்கப்பன் காய்ச்சல்ல போனான்னுதான சொன்னீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். வரும் ஞாயிறு பெரியவர்கள் கூடுகிறார்கள். எங்களை இங்கிருந்து அனுப்பிவிடப் பேச்சு. போனால் அம்மாவுக்கு மாத்திரை எங்கே கிடைக்கும்? அடுத்த மாதம் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

யார் வெளியே சொன்னது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உங்களிடம் சொன்னது நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா காப்பி கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தொடாமல் எழுந்தீர்கள். அன்று நம்பினேன். இப்போது அந்த டம்ளர்தான் கண்ணிலேயே நிற்கிறது.

ஞாயிறு காலை வாருங்கள் அக்கா. வகுப்பு எடுக்க வேண்டாம், யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். எல்லோரும் பார்க்க எங்கள் வாசலில் உட்காருங்கள். அம்மா சாமைச் சோறு ஆக்குவாள், நான் பரிமாறுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இன்னும் உங்களை அக்கா என்றே கூப்பிடும்,
மல்லிகா