மேலே சீடி, கீழே ரேடியோ

நைட் ஷிஃப்ட் முடிந்து வரப்போகும் கணவனுக்கு, மில்லுக்குக் கிளம்புமுன் செல்வாம்பாள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள்.

"மீன் கொழம்பு இருக்கு, சுட வச்சிக்குங்க. பாரீஸ்லேர்ந்து உங்க அண்ணன் கொண்டாந்த சீடி பிளேயர ஆம்ப்ளிஃபயர்ல மாட்ட நீங்க வாங்கின கன்வெர்ட்டரக் கடையில திருப்பிக் குடுத்துட்டேன். ஆம்ப்ளிஃபயர்ல சொருக ஒரே எடந்தான், அத மாட்டினா ரேடியோவுக்கு எடமில்ல. 'உனக்கு எதுக்கு இன்னும் அந்த ரேடியோ?'ன்னு கேட்டீங்க. சுவிட்ச் வச்சதா மாத்திட்டு வந்தேன். மேல தள்ளினா உங்க சீடி, கீழ தள்ளினா என் ரேடியோ. கேட்டுப் பாத்துட்டேன், சத்தத்துல ஒரு கொறையும் இல்ல."

அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நாலு மணிக்கு உங்க சிநேகிதருங்க சீடி கேக்க வராங்க. முறுக்கு டப்பால இருக்கு. ஆறு மணிக்கு நான் வந்ததும், சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னுதான் மொதல்ல பாப்பேன்."