இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

அன்புள்ள அப்பா,

அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? வடக்கு டகோட்டா எண்ணெய் வயலில் எனக்கு வேலைக்கும் சாப்பாட்டுக்கும் குறையில்லை.

ஞாயிறன்று என்னோடு வேலை செய்யும் டெல்மர் கடையில் வாங்கிய துப்பாக்கியை, இனி நீங்கள் பிடிக்க வேண்டிய மாதிரி இடது தோளில் வைத்துச் சுட்டேன். வலப்பக்கமாகத் தெறித்த சூடான தோட்டா உறை மூக்கை உரசிக்கொண்டு சட்டைக்குள் விழுந்தது. நான் குதித்ததில் எல்லோருக்கும் சிரிப்பு. சின்னக் கொப்புளம்தான்.

"அப்பாவுக்கு இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டுப் போயேன்டா. பாகம் பாகமா எதுக்குப் பொறுக்கற?" என்றான் டெல்மர்.

"இது ரெண்டு கையும் நல்லா இருக்கறவனுக்குடா. எங்கப்பாவோட வலது கையில மூணு விரலை மரம் அறுக்கற ஆலை தின்னுடுச்சு" என்றேன்.

உங்கள் மூன்று விரல்களுக்கு ஈடாக முதலாளி கொடுத்தது சமைக்க ஒரு பன்றித்தொடைக் கறியும் வாழ்த்து அட்டையும். அன்றிலிருந்து நீங்கள் மான் வேட்டைக்கே போகவில்லை.

உறையை இடப்பக்கமாகத் தள்ளும் பாகங்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. தோளில் பதியும் கட்டையின் நீளம் மட்டும் பாக்கி. உங்கள் இடது முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை அம்மாவை அளக்கச் சொல்லுங்கள். வேட்டைப் பருவத்துக்கு முன் வருகிறேன். சமையலறை மேசையில் துப்பாக்கியை இருவரும் சேர்ந்து பொருத்துவோம்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. அளவைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டாம். நீங்களே போனில் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
ரீஸ்