போகாத கறை

மாசி 28, வியாழன்.

தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்த முனுசாமி இன்று காலையில் இறந்துபோனார். ஒத்தாசைக்குப் போனேன். அவர் மகள் மரகதத்தைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்து, அப்பா திருப்பத்தூர் போயிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லி அழைத்துவந்தேன்.

"இன்னா மனுசி நீ? கொயந்தகிட்ட இதச் சொல்லலாமா?" என்று பெண்கள் திட்டினார்கள்.

குளிப்பாட்டிய ஆண்கள், தோலை ஊறவைத்து ஊறவைத்து அவர் கையில் ஏறியிருந்த ஆவாரம்பட்டைக் கறையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள்.

"அது போவாது மாமா. அப்பா தெனமும் தேய்ப்பாரு. வுட்டுடுங்க," என்றாள் மரகதம். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

என் அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயது. காட்பாடிக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். இன்றும் காட்பாடியிலிருந்து வந்து இறங்குகிறவர்களின் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறேன்.